என்ஜினீயர் மேக்ரி சர்க்கிள் தாண்டிவிட்டார்

நிப்பட்டு என்று கன்னடத்தில் சொல்வது நம் தட்டையைத்தான். கொஞ்சம் தடிமன் அதிகம், கொஞ்சம் திமிரும் அதிகம். பெங்களூர் பீன்யாவில் எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் அதைக் கண்ணாடி ஜாடிக்குள் அடுக்கி வைத்திருப்பார்கள். அதில் பதிந்திருப்பது வேர்க்கடலையா, கல்லா என்பது கடித்த பிறகுதான் தெரியும். எனக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் தெரிந்தது.

'கடக்' என்று சத்தம் கேட்டது. நிப்பட்டுதான் உடைந்தது என்று நினைத்து ஒரு வாய் டீ குடித்தேன். கீழ்த்தாடையின் வலது கோடியிலிருந்து ஒரு வலி கிளம்பி, காது வழியாக மூளை வரை போய், அங்கே யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. கையிலிருந்த நிப்பட்டைப் பார்த்தேன். அதில் ஒரு கீறல்கூட இல்லை. நாக்கால் துழாவினேன். கடைவாய்ப்பல்லில் பாதியைக் காணவில்லை.

பல் வலி எல்லோருக்கும் வரும். எனக்கு வந்ததில் என்ன விசேஷம் என்றால், பல் வலிதான் எனக்கு அந்த நாட்களில் சோறு போட்டது.

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போகலாம். இந்த வாரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிப் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

பல் டாக்டர் கிளினிக்கில் சாய்ந்து படுக்க ஒரு நாற்காலி இருக்குமே, தலைக்கு மேல் விளக்கும் பக்கத்தில் எச்சில் துப்பப் பீங்கான் தொட்டியுமாக, அதைச் செய்து விற்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. விசிட்டிங் கார்டில் 'செல்வம், சர்வீஸ் என்ஜினீயர்' என்று போட்டிருக்கும். படித்தது ஐ.டி.ஐ. ஃபிட்டர். கார்டு அச்சடித்தவருக்கு அது தெரியாது, டாக்டர்களுக்கும் தெரியாது, என் மாமனாருக்குத் தெரியவே கூடாது.

என்ஜினீயர்கள் இரண்டு பேர் இருந்தோம். பீன்யாவைச் சுற்றியும் மல்லேஸ்வரம், ராஜாஜிநகர் பக்கமும் எனக்கு. கன்டோன்மென்ட் பக்கம் முழுவதும் ஜோசப்புக்கு. ஜோசப் ஒருநாள் மதியம் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டுத் துபாய்க்குப் போய்விட்டான். "வேற ஆள் பாக்குறோம், அதுவரைக்கும் ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடு, கொஞ்சம் சமாளி செல்வம்" என்றார் மேனேஜர். அந்த 'அதுவரைக்கும்' நான் அந்த வேலையை விடும்வரைக்கும் நீடித்தது. பெங்களூரில் எங்கள் நாற்காலி எங்கே முனகினாலும் அது என் தலையில் விடிந்தது.

ஸ்டெல்லா ஓட்டிய வண்டி

ஆபீஸில் போன் எடுப்பவள் ஸ்டெல்லா. லிங்கராஜபுரத்துப் பெண். அவள் 'ஹலோ' சொன்னால், திட்டுவதற்கென்றே போன் செய்தவர்கூட 'சாப்பிட்டியாமா' என்று கேட்டுவிடுவார். எனக்கும் அவளுக்கும் எதிரெதிர் மேஜை.

மிஷின் நின்றுபோய் டாக்டர்கள் போன் செய்யும்போது எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. 'இல்லை', 'நாளைக்கு', 'ஆள் கிடையாது' ஆகிய சொற்கள் மேனேஜரால் தடை செய்யப்பட்டிருந்தன. சொல்ல வேண்டியது ஒன்றுதான். 'என்ஜினீயர் வந்துட்டே இருக்கார் டாக்டர்.'

இதை எல்லாக் கம்பெனிகளும் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் வெறுமனே சொல்லின. ஸ்டெல்லா என்னை உண்மையிலேயே ஓட்டிக்கொண்டு போவாள். முதல் போனுக்கு நான் கிளம்பியிருப்பேன். இரண்டாவது போனுக்கு யஷ்வந்த்பூர் தாண்டியிருப்பேன். மூன்றாவது போனுக்கு மேக்ரி சர்க்கிள். அதன்பிறகு டாக்டரின் ஏரியாவைப் பொறுத்து ஜெயமகால், ரயில் பாலம், சிக்னல், ஊர்வலம் என்று ஒவ்வொன்றாக வரும். மழைக்காலமாக இருந்தால் என்னைக் கொஞ்சநேரம் மரத்தடியில் ஒதுங்க வைப்பாள். இவ்வளவும் நடக்கும்போது நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருப்பேன். மேக்ரி சர்க்கிளை நான் தாண்டும் நேரம் பொதுவாக இரண்டாவது டீ நேரம்.

டாக்டர்கள் அடங்கிவிடுவார்கள். நகர்ந்துகொண்டே இருக்கிற ஆள் மீது யாருக்கும் முழுசாகக் கோபம் வருவதில்லை. உட்கார்ந்திருக்கிறவன் மீதுதான் வரும். செல்போன் யார் கையிலும் இல்லாத காலம் என்பதால் நான் ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் இருக்க முடிந்தது.

"இவ்ளோ பொய் சொல்றியே ஸ்டெல்லா, உறுத்தலயா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பொய் எங்கண்ணா சொல்றேன்? நீங்க என்னிக்காவது போகத்தான போறீங்க. அத நான் கொஞ்சம் முன்னாடியே சொல்றேன், அவ்ளோதான்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள்.

பாதி ஊரைத் தெரிந்தவனின் கஷ்டம்

பல் வலி வந்தவன் பல் டாக்டரிடம் போவான். எனக்கு பெங்களூரின் பாதி பல் டாக்டர்களைத் தெரியும். அதுதான் சிக்கல்.

மல்லேஸ்வரத்து டாக்டரிடம் போகலாமா என்று யோசித்தேன். கைராசிக்காரர். ஆனால் அவருடைய கிளினிக்குக்கு நான் போன தீபாவளியிலிருந்து வந்துகொண்டே இருந்தேன். ராஜாஜிநகர் டாக்டர் இன்னும் தங்கமானவர். அவருடைய நாற்காலி மேலே போகும், கீழே வராது. வயசான பேஷன்ட்டுகளை அவரும் அவருடைய கம்பவுண்டரும் ஆளுக்கொரு கை பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். விஜயநகரில் ஒருவர் இருந்தார். அவருடைய விளக்கில் நான் கை வைத்த பிறகு அது கண் சிமிட்ட ஆரம்பித்திருந்தது.

என் வாய் திறந்திருக்கும். டாக்டர் கையில் கூர்மையாக ஏதாவது இருக்கும். மனதில் என் மீது உள்ள புகார் இருக்கும். இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும் இடத்துக்கு நானாக நடந்து போவதா?

கம்பெனியில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். கிராம்பு வை என்றார் ஸ்டோர்ஸ்காரர். மூக்குப்பொடி வை என்றார் வெல்டர், தன் டப்பாவையே நீட்டி. மேனேஜர் வெளியே வந்து பார்த்துவிட்டு, "நம்ம கம்பெனி ஆளுக்கே பல் நோவா?" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும், மத்தியானம் நெலமங்கலத்துக்கு ஒரு நாற்காலி இறக்கப் போகவேண்டும் என்று ஞாபகப்படுத்தினார். அதற்குள் என் வலது கன்னம் தனிக்குடித்தனம் போகிற அளவுக்கு வளர்ந்திருந்தது. ஸ்டெல்லாவிடம் மட்டும் "வெளிய போயிட்டு வரேன்" என்று ஜாடை காட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

ஜோசப் விட்டுப்போன கன்டோன்மென்ட் பக்கம்தான் பாதுகாப்பு. அங்கே என் முகம் யாருக்கும் தெரியாது. சிவாஜிநகர் போகிற பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு போனேன். அந்த வழியில் எத்தனை குழிகள் என்று மாநகராட்சிக்குத் தெரியாது. என் பல்லுக்குத் தெரியும். யஷ்வந்த்பூரைத் தாண்டினேன். மேக்ரி சர்க்கிளைத் தாண்டினேன். ஒரு புகார் வந்த உடனேயே அவற்றை நான் மெய்யாகத் தாண்டியது அன்றுதான் என்று நினைக்கிறேன், அதுவும் என் சொந்தப் புகாருக்காக.

சிவாஜிநகரில் இறங்கி ஆட்டோ பிடித்து பிரேசர் டவுனில் சுற்றினேன். அந்த ஏரியாவில் எங்கள் கம்பெனி மீது புகார் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே ஒரு லேடி டாக்டர்தான். ஸ்டெல்லா அவரை 'பிரேசர் டவுன் மேடம்' என்பாள். ஸ்டெல்லா சாப்பிடப் போகும் நேரங்களில் நானே அவரோடு போனில் பேசியிருக்கிறேன். 'இன்னொரு கிளினிக்ல இருக்கேன் மேடம், முடிச்சிட்டு நேரா உங்ககிட்டதான்' என்று பலமுறை சத்தியம் செய்திருக்கிறேன். எனவே லேடி டாக்டர் பெயர் இல்லாத போர்டாகத் தேடினேன்.

ஒரு பழைய மாடிவீட்டின் கீழ்ப்பகுதியில் கிடைத்தது. பெயிண்ட் உரிந்த போர்டு, அதில் ஓர் ஆண் டாக்டரின் பெயர். பெரியவராக இருப்பார், உள்ளே அந்தக்காலத்து சீமை நாற்காலி இருக்கும், எங்கள் கம்பெனி அந்தப் படியை மிதித்தே இருக்காது என்று கணக்குப் போட்டேன். நுழைந்தேன்.

அப்பாவின் பெயர்

முன்னறையில் மேஜைக்குப் பின்னால் ஓர் அம்மாள் பூக்கட்டிக்கொண்டிருந்தார். சாவித்ரம்மா என்று பிறகு தெரிந்தது. டோக்கன் கொடுப்பது, போன் எடுப்பது, பஞ்சு உருட்டுவது, பயந்தவர்களை அதட்டுவது எல்லாம் அவர்தான். தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்துக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கும் பேச்சு.

"ஹெசரு?"

பல் டாக்டர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறவர்கள். எதற்கு வம்பு என்று, "முனுசாமி" என்றேன். என் அப்பாவின் பெயர்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியாது. அவர் மில் தொழிலாளி. நான் சின்னப் பையனாக இருந்தபோது, சிவாஜிநகர் பக்கம் கிளினிக் வைத்திருந்த ஒரு சைனாக்கார டாக்டரிடம் போய்க் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். மரத்துப்போகிற ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பல்லைக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்து, ஹலசூரில் எங்கள் லைன் வீட்டு ஜனம் முழுவதற்கும் காட்டினார். அன்றைக்கே ஷிப்டுக்கும் போனார். அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த காலம் முழுவதும், வீட்டில் யாருக்கு என்ன வலி வந்தாலும் அந்தப் பல்தான் உதாரணம். என் அம்மாவின் பிரசவ வலிக்கும் அதையே சொன்னார். அம்மா அதற்குச் சொன்ன பதிலை இந்தப் பத்திரிகை போடாது.

"கத்தலியாப்பா?" என்று கேட்டேன்.

"எதுக்குக் கத்தணும்? அவன் வேலய அவன் செஞ்சான், என் வேலய நான் செஞ்சேன்."

"உங்க வேலை என்னப்பா?"

"வாயத் தொறந்து வச்சிருக்கிறது."

அப்படிப்பட்டவரின் பெயரை வைத்துக்கொண்டு நான் முன்னறை பெஞ்சில் நடுங்கிக்கொண்டிருந்தேன். "முனுசாமி, யாக்கப்பா இவ்ளோ பயம்? சின்னப் பசங்களே சும்மா உக்காந்திருக்குது பாரு" என்று சாவித்ரம்மா அதட்டினார். அப்பா கேட்டிருந்தால் கோர்ட்டுக்குப் போயிருப்பார்.

தெரிந்த முகம்

திரையை விலக்கி உள்ளே போனேன். ஆகாய நீல ரெக்ஸின். இடது பக்கம் வளைந்த கைப்பிடி. பீங்கான் தொட்டிக்குக் கீழே எங்கள் கம்பெனி முத்திரை பளபளவென்று இருந்தது.

எங்கள் நாற்காலியேதான்.

"பயப்படாதீங்க, உக்காருங்க" என்றது ஒரு பெண் குரல். அந்தக் குரலை எனக்குத் தெரியும். போர்டில் இருந்தது இவருடைய மாமனார் பெயராம். பெரியவர் காலமாகி வருஷங்கள் ஆகியும் மரியாதைக்காக அந்தப் போர்டை எடுக்கவில்லையாம். வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து இங்கே கல்யாணமாகி வந்த டாக்டர் ஷாஹிதா, ஸ்டெல்லாவின் 'பிரேசர் டவுன் மேடம்', கையுறையை மாட்டிக்கொண்டு என் முன்னால் நின்றார். குடியிருப்பதும் அதே கட்டடத்தின் மாடியில்தான். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை.

ஓடியிருக்கலாம்தான். ஆனால் பல் என்னைவிடத் தெளிவாக இருந்தது. உட்கார், செத்தாலும் பரவாயில்லை என்றது. உட்கார்ந்தேன். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினேன். பல் டாக்டரிடம் ஒரு வசதி, முனகினால் போதும், அதுவே ஒரு பாஷை.

"நல்லா ஒடச்சிருக்கீங்க. என்ன சாப்ட்டீங்க?"

"நி..." என்றேன்.

"நிப்பட்டா? இந்த ஊர்ல எனக்கு பாதி பேஷன்ட் அதுலதான் வராங்க" என்று சொல்லிக்கொண்டே ஊசியைப் போட்டார். கை அவ்வளவு இதமாக இருந்தது. இவரையா இத்தனை நாள் இழுத்தடித்துக்கொண்டிருந்தோம் என்று ஒரு நொடி தோன்றியது. கன்னம் மரத்துப்போனதும் அந்த எண்ணமும் மரத்துப்போனது.

அவர் துளை போடும் கருவியை எடுத்தார். அது காற்றில் ஓடுவது. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கம்ப்ரஸர் காற்றை அழுத்தி அனுப்ப, குழாய் வழியாக வந்து அது சுழலும். எனக்குக் கம்ப்ரஸரின் சத்தத்தைக் கேட்டாலே அதன் ஜாதகம் தெரிந்துவிடும். இது மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு அடைத்தாலும் நிரம்பவில்லை என்று அர்த்தம். எங்கேயோ காற்று கசிகிறது. நாற்காலியின் அடிப்பெட்டிக்குள் இருக்கிற இணைப்பாகத்தான் இருக்கும், ஜோசப் எப்போதும் அதை அவசரமாகத்தான் செருகுவான்.

ஆக, டாக்டருக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கீச்சென்று பாடிக்கொண்டிருந்த கருவி சுருதி இறங்கி, இழுத்து, என் பல்லுக்குள் பாதிக் குழியில் நின்றது.

"போச்சு" என்றார் டாக்டர்.

நான் வரும் வழி

"நரம்பு வரைக்கும் போகணும். பாதியில நின்னுருச்சு. இப்படியே மூடி அனுப்புனா வலி தாங்க மாட்டீங்க முனுசாமி. மாமா வச்சிருந்த பழைய மிஷின் இருந்தாக்கூட ஓட்டிருப்பேன். இந்தக் கம்பெனிக்காரங்க பேச்சக் கேட்டு அத எடைக்குப் போட்டுட்டோம்."

அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புதான் இருந்தது. குழிக்குள் கிராம்புத் தைலம் நனைத்த பஞ்சை வைத்தார். பிறகு திரைக்கு அந்தப் பக்கம் பார்த்து, "சாவித்ரம்மா, பீன்யாவுக்குப் போன் போடுங்க. உயிர் போற பேஷன்ட் சேர்ல இருக்காருன்னு சொல்லுங்க" என்றார்.

உயிர் போகிற பேஷன்ட் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தான்.

"மேடம், என்ஜினீயர் கெளம்பிட்டாராம்!" என்றார் சாவித்ரம்மா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்க்குள் பஞ்சு இருந்ததால் அது இருமலாக வெளியே போனது. டாக்டர் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். வீட்டில் சாய்ந்துகொண்டு படிக்கிறவர்கள் எதையும் நினைக்கலாம். போனில் எத்தனையோ முறை சத்தியம் செய்த ஆள் நான்தான், பெயரும் முனுசாமி இல்லை என்று, பல்லில் பாதிக் குழியோடு படுத்திருக்கிறவன் சொல்லிப் பார்க்கட்டும். எனக்குப் பயமாக இருந்தது. மரத்த கன்னம் உயிர் பெறுவதற்குள் ஏதாவது நடக்கும், கரன்ட்டாவது போகும் என்று காத்திருந்தேன்.

வெளியே பேஷன்ட்டுகள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதது. சாவித்ரம்மா மறுபடி போன் போட்டார்.

"யஷ்வந்த்புரா தாண்டிட்டாராம் மேடம்!"

"பரவால்லயே. இன்னிக்கு நெஜமாவே வராரு போல" என்றார் டாக்டர். என்னைப் பார்த்து, "கொஞ்சம் பொறுத்துக்கங்க, வந்துருவாரு" என்று தோளைத் தொட்டார்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு நொடி எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. செல்வம் வந்துவிடுவான், யஷ்வந்த்பூரே தாண்டிவிட்டான் என்று மனசு லேசானது. ஸ்டெல்லாவின் திறமை அப்படி. இத்தனை டாக்டர்கள் ஏன் அடங்கிப் போனார்கள் என்று அன்றுதான் அனுபவத்தில் தெரிந்துகொண்டேன்.

அடுத்த போனுக்கு மேக்ரி சர்க்கிள் வந்தது. இரண்டாவது டீ நேரம், நான் இல்லாததால் ஸ்டெல்லா தனியாகக் குடித்துக்கொண்டிருப்பாள். எனக்குக் கீழுதட்டில் எறும்பு ஊர்வது போல் ஆரம்பித்தது. ஜெயமகால் வந்தபோது கன்னம் குறுகுறுத்தது. ரயில் பாலத்துக்குக் கீழே நான் நெரிசலில் மாட்டிக்கொண்டபோது வலி பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியது. கண்ணில் தண்ணீர் வழிந்தது. டாக்டர் கைக்குட்டை மாதிரி ஒரு பஞ்சைக் கொடுத்தார்.

"அழுவாதீங்க. பக்கத்துல வந்துட்டாரு" என்றார். அதைக் கேட்டு இன்னும் அழுகை வந்தது.

சாவித்ரம்மா கடைசியாகப் போட்ட போனில் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டார் போலிருக்கிறது. ஸ்டெல்லா அவசரத்தில் என்னை ஒரேயடியாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள்.

"மேடம், நம்ம பாகிலுகிட்டயே நிக்கிறாராம்! வாசல்லயே!"

சாவித்ரம்மாவின் செருப்புச் சத்தம் வாசல் வரை போனது. திரும்பி வந்தது.

"யாரும் இல்ல மேடம். எளநி வண்டிதான் நிக்குது."

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார். ஏமாந்து ஏமாந்து பழகியவர்கள் நிற்கும் நிற்பு அது. போனில் அதைப் பார்க்க முடியாது, குரல்தான் கேட்கும்.

நான் கையைத் தூக்கினேன்.

"ரொம்ப வலிக்குதா?"

வாயிலிருந்த பஞ்சை எடுத்தேன். "இல்ல மேடம். நான் வந்துட்டேன்."

"என்ன?"

"பீன்யாவுலருந்து. கம்பெனியிலருந்து. நான்தான் மேடம் அந்த என்ஜினீயர்."

டாக்டர் ஷாஹிதா என்னைப் பார்த்தார், திரைக்கு வெளியே போனைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். குரலை அடையாளம் கண்டுகொண்டது முகத்தில் தெரிந்தது.

"எப்ப வந்தீங்க?" என்று கேட்டார்.

"காலையிலயே, மேடம்."

அவரவர் வேலை

என் பையில் ஸ்பேனர்கூட இல்லை. சாவித்ரம்மா பூக்கட்ட வைத்திருந்த பிளேடைக் கேட்டு வாங்கினேன். "அய்யய்யோ, பேஷன்ட் பிளேட எத்துட்டானே!" என்று அவர் கத்தியதில் வெளியே இரண்டு பேர் பயந்து வீட்டுக்குப் போனதாகக் கேள்வி. வீங்கிய கன்னத்தோடு தரையில் படுத்து நாற்காலியின் அடிப்பெட்டி மூடியைத் திறந்தேன். நினைத்த இடம்தான். குழாயின் நுனி பிளந்து, உஸ்ஸென்று காற்று போய்க்கொண்டிருந்தது. பிளந்த நுனியைப் பிளேடால் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை இறுக்கிச் செருகினேன். கம்ப்ரஸர் கொஞ்சநேரம் ஓடி, நிரம்பி, நின்றது. அந்த அமைதி அந்தக் கிளினிக்குக்குப் புதுசாக இருந்திருக்க வேண்டும். அழுத குழந்தைகூட ஒரு கணம் நிறுத்தியது.

டாக்டர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மேடம்."

"இதுக்கா இவ்ளோ நாளு?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை, அந்த வெட்டிய குழாய்த் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார், சுண்டு விரல் நகம் அளவு இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதைச் சொல்வதில் எனக்கு இப்போதும் தயக்கமில்லை.

பிறகு புதுக் கையுறை மாட்டிக்கொண்டு நாற்காலியைக் காட்டினார். எனக்குக் கால் நகரவில்லை. கருவியோ இப்போது முழு வேகத்தில் சுழலும். அந்த வேகத்தை ஏற்பாடு செய்து கொடுத்ததே நான்தான்.

"மேடம், வேணும்னா இன்னொரு நாளு வரேன்..."

"உக்காருங்க செல்வம்" என்றார். போனில் சொன்ன பெயரை மறக்கவில்லை. "பாதியில விட்டுட்டுப் போறது எனக்குப் பழக்கமில்ல. வாயத் தொறங்க."

மறுபடி ஊசி போட்டு, மரத்துவிட்டதா என்று குத்திக் குத்திக் கேட்டு, பதமாக வேலையை முடித்து, தற்காலிகமாக சிமென்ட் வைத்து மூடினார். ஒரு சின்ன வலிகூட இல்லை. அதுதான் எனக்கு அதிக வலியாக இருந்தது. நான் அப்பாவின் வழியில் என் வேலையைச் செய்தேன்.

நடுவில் சாவித்ரம்மா பீன்யாவுக்குப் போன் செய்து, "ஏம்மா, உங்க என்ஜினீயர் வந்து ரிப்பேரெல்லாம் மாடிட்டாரு" என்று நன்றி சொல்லியிருக்கிறார். ஸ்டெல்லாவுக்கு ஒன்றும் புரியவில்லை. தான் அனுப்பாத ஆள் தான் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது அவள் சர்வீஸில் அதுவரை நடந்ததில்லை. அன்று மதியம் சோறு இறங்கவில்லை, சாயங்காலம் சர்ச்சுக்குப் போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

"அடுத்த வாரம் வாங்க, கேப் போட்டு முடிச்சிடலாம்" என்று அனுப்பினார் டாக்டர். நெலமங்கலத்து நாற்காலி அன்று இறங்கவில்லை. நான் வந்துகொண்டே இருப்பதாக ஸ்டெல்லா அவர்களுக்குச் சொல்லியிருந்தாள்.

அடுத்த வாரம் வரை சிமென்ட் பொறுக்கவில்லை. ஒருநாள் காலையில், ஆபீஸில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெயர்ந்து வந்துவிட்டது. நிப்பட்டு இல்லை, இட்லி. குழிக்குள் சட்னி போனதும் உலகம் ஒரு சுற்று சுற்றியது. ஸ்டெல்லாவின் மேஜைக்குப் போய்ப் போனை இழுத்து பிரேசர் டவுனுக்கு அடித்தேன்.

"சாவித்ரம்மா, நான் செல்வம். சிமென்ட் விழுந்துருச்சு. உயிர் போவுது. டாக்டர் இருக்காங்களா, உடனே வரட்டுமா?"

சாவித்ரம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசுவது கேட்டது. ஒரு சிரிப்புச் சத்தமும் கேட்டது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த குரலில் இருந்தது. பிறகு சாவித்ரம்மா மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"டாக்டர் வந்துட்டே இருக்காங்கப்பா. மேக்ரி சர்க்கிள் தாண்டிட்டாங்க."

டாக்டரின் வீடு கிளினிக்குக்கு நேர் மேலே, மாடியில். படியிறங்கினால் கிளினிக்.

போனை வைத்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்டெல்லா பாவமாகப் பார்த்தாள்.

"என்னண்ணா சொன்னாங்க? டாக்டர் எங்க இருக்காங்களாம்?"

"மேக்ரி சர்க்கிள்" என்றேன்.

ஸ்டெல்லா தொழில் தெரிந்தவள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"அப்ப இன்னும் கெளம்பவே இல்லண்ணா" என்றாள்.